'இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு' என்று வற்புறுத்தலாமா? - இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பாட்டைப் பழக்குவது எப்படி?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. தையல் ஆறிவிட்டது. 'இனி உடம்பைத் தேற்ற வேண்டியதுதான் பாக்கி' என்று குடும்பமே களத்தில் இறங்கும். காலையில் சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி, பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் ஜூஸ், மதியம் குழையக் குழைய ரசம் சாதம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள்.

சாப்பிட்டு முடித்த கால் மணி நேரத்தில் அவருக்கு முகம் வியர்க்கும். நெஞ்சு படபடக்கும். வயிறு உப்பி, சுருட்டிப் பிடிக்கும். அவசரமாக டாய்லெட்டுக்கு ஓடுவார். திரும்பி வந்து, நிற்க முடியாமல் படுத்துவிடுவார். 'ஹார்ட் அட்டாக்கா இருக்குமோ', 'எடுத்த கட்டி மறுபடியும் வந்துடுச்சோ' என்று வீடே கலங்கும். அடுத்த வேளைக்குச் சாப்பிடவே அவருக்குப் பயமாக இருக்கும். சாப்பாடு குறையும். எடை இறங்கும். எடை இறங்குவதைப் பார்த்து வீட்டில் இன்னும் வற்புறுத்துவார்கள். அதைச் சாப்பிட்டதும் மறுபடியும் அதே அவஸ்தை.

படபடப்பும் மயக்கமும் முதல்முறை வரும்போது மருத்துவரிடம் காட்டி, இதயத்தில் பிரச்னை இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதன் பிறகும் சாப்பிட்டவுடனே இது திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் காரணம் தட்டில் இருக்கிறது. சாப்பாட்டின் அளவு, அதில் இருக்கும் தண்ணீர், அதில் இருக்கும் சர்க்கரை... இந்த மூன்றையும் மாற்றினாலே பலருக்கும் தொல்லை பெருமளவு அடங்கிவிடும்.

இரைப்பை என்ன வேலை பார்த்தது?

வயிறு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரைப்பை ஒரு பகுதி. உணவுக்குழாய்க்கும் சிறுகுடலுக்கும் நடுவில் இருக்கும் பை. வெறும் வயிற்றில் கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருக்கும் இது, ஒரு முழுச் சாப்பாட்டுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் விரிந்துகொடுக்கும்.

முதல் வேலை, சேமித்து வைப்பது. பத்து நிமிடத்தில் நாம் சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம். அந்தச் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது இரைப்பைதான். இரண்டாவது வேலை, அரைப்பது. அமிலத்தோடு சேர்த்துப் பிசைந்து, மாவு போலக் கூழாக்கும். மூன்றாவது வேலை, அளந்து விடுவது. இரைப்பையின் அடிவாசலில் பைலோரஸ் என்ற வால்வு இருக்கிறது. 2 மில்லிமீட்டருக்கும் சிறிதாக அரைபட்ட உணவைத்தான் அது சாதாரணமாகச் சிறுகுடலுக்குள் விடும். கெட்டியான சாப்பாடு முழுவதும் இறங்க 2 முதல் 4 மணி நேரம்வரை ஆகும். தண்ணீர் மட்டும் சீக்கிரம் இறங்கிவிடும்.

புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்தவர்கள், அல்சர் முற்றி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடல் பருமனுக்காகப் பைபாஸ் அல்லது ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்... இவர்களுக்கு இந்த மூன்று வேலைகளில் ஒன்றோ மூன்றுமோ பாதிக்கப்படுகின்றன. முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்திருப்பார்கள். அவர்களுக்குச் சேமிக்கப் பையும் இல்லை, அளந்து விட வால்வும் இல்லை.

இரைப்பை இல்லாமல் வாழ முடியுமா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1881-ல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை வெற்றிகரமாக எடுத்தார். 1897-ல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் என்பவர் முழு இரைப்பையையும் எடுத்தார். அந்த நோயாளி அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் சாப்பிட்டு, நடமாடி வாழ்ந்தார். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்று அறுவை சிகிச்சை வெகுவாக முன்னேறிவிட்டது. ஆனால், எடுத்த இரைப்பைக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை யாராலும் வைக்க முடியவில்லை. அதன் வேலையைச் சாப்பிடுகிறவரின் பற்களும், வீட்டுச் சமையலறையும், சுவர்க் கடிகாரமும்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்டதும் வருவது, பிறகு வருவது

வால்வின் கட்டுப்பாடு இல்லாமல் உணவு மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டுவதால் வரும் தொல்லைகளுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டம்ப்பிங் சிண்ட்ரோம்'. இதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒருவருக்கே வரலாம்.

முதல் வகை, சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களில் வரும். இனிப்பும் மாவுச்சத்தும் அடர்த்தியாகக் குடலில் இறங்கியதும், அதை நீர்க்கச் செய்ய ரத்தத்தில் இருக்கும் நீர் குடலுக்குள் இழுக்கப்படும். குடல் உப்பும், வலிக்கும், பேதியாகும். ரத்த ஓட்டத்தில் நீர் குறைவதாலும், குடல் அவசரமாகச் சுரக்கும் ஹார்மோன்களாலும் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், முகம் சிவப்பது எல்லாம் சேர்ந்து வரும்.

இரண்டாவது வகை, சாப்பிட்டு 1 முதல் 3 மணி நேரம் கழித்து வரும். மொத்தமாக இறங்கிய சர்க்கரை ரத்தத்தில் சட்டென ஏறும். அதைப் பார்த்துக் கணையம் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரந்துவிடும். விளைவு, ஏறிய சர்க்கரை சரேலென இறங்கும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். சாப்பிட்டு இவ்வளவு நேரம் ஆன பிறகு வருவதால், இதற்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. மதியம் விருந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு பைக் ஓட்டும்போது இது வந்தால் ஆபத்து. இப்படி வருகிறவர்கள், அது கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரிந்தால், இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். தெளிந்ததும் ஒரு முட்டை அல்லது ஒரு கைப்பிடி சுண்டல் போலப் புரதம் உள்ள ஏதாவது சாப்பிட வேண்டும். பயத்தில் ஒரு டம்ளர் நிறைய ஜூஸ் குடித்தால், சர்க்கரை மறுபடி ஏறி, மறுபடி இறங்கும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மாற்ற வேண்டியவை ஐந்து

ஒன்று, அளவு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரிக்க வேண்டும். மொத்த அளவு குறையக் கூடாது, ஒரு வேளையின் அளவுதான் குறைய வேண்டும். பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டு, குழந்தைக்கு வைக்கும் சின்னத் தட்டில் பரிமாறினால் கண்ணுக்கும் பழகிவிடும்.

இரண்டு, தண்ணீர். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால், அது சாப்பாட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு இறங்கிவிடும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது கழித்துக் குடிக்க வேண்டும். அதையும் மடமடவென்று இல்லாமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்பதற்காக நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துவிடக் கூடாது. பேதி ஆகிறவர்களுக்கு உடலில் நீர் வற்றும் அபாயம் அதிகம். பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு இடைவேளைகளில் குடித்துக்கொண்டே இருக்கலாம்.

மூன்று, சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை மட்டும் கெட்டது, வெல்லமும் கருப்பட்டியும் தேனும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் குடலுக்கு எல்லாம் ஒன்றுதான். பழ ஜூஸ், கூல் டிரிங்க்ஸ், சர்க்கரை போட்ட டீ, காபி, பாயசம், ஐஸ்க்ரீம், டப்பாவில் வரும் ஹெல்த் டிரிங்க் பவுடர் எல்லாமே இந்தப் பட்டியலில் அடங்கும். திரவமும் சர்க்கரையும் சேர்ந்து இருப்பதால் ஜூஸ்தான் இதில் மோசம். பழத்தை ஜூஸாக்காமல் துண்டாக, கொஞ்சமாக, மற்ற உணவுக்குப் பிறகு சாப்பிட்டால் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

நான்கு, புரதம். ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒரு புரத உணவு இருக்க வேண்டும். முட்டை, மீன், கொத்துக்கறி, பனீர், கெட்டித் தயிர், பருப்பு, பயறு என்று எது வசதிப்படுமோ அது. புரதமும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்த சாப்பாடு மெதுவாகச் செரிக்கும். சர்க்கரையும் சட்டென ஏறாது. இளைத்துப்போன தசைகள் தேறவும் புரதம்தான் வேண்டும். அதற்காக விலை உயர்ந்த பவுடர் டப்பா கட்டாயம் இல்லை.

ஐந்து, மெல்லுவது. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்ற பழமொழி இவர்களுக்கு அப்படியே பொருந்தும். இரைப்பை அரைத்த வேலையை இப்போது பற்கள்தான் செய்ய வேண்டும். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். பல் விழுந்து, பல்செட் சரியாகப் பொருந்தாமல் விழுங்கிச் சாப்பிடும் பெரியவர்களுக்கு, டயட் சார்ட்டுக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்ப்பது முக்கியம்.

'கெட்டி' என்பதே கணக்கு

நம் வீடுகளில் நோயாளி என்றால் உடனே கஞ்சி. அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாள்களில் மருத்துவமனையிலும் திரவ உணவில்தான் ஆரம்பிப்பார்கள். பிறகு கூழ் போன்ற உணவு, பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாக மாற்றுவார்கள். அந்தப் படிகளை மருத்துவர் சொன்னபடியே கடைப்பிடிக்க வேண்டும். கெட்டி உணவுக்கு மாறலாம் என்று அவர் சொன்ன பிறகும், 'எதுக்கு வம்பு' என்று மாதக்கணக்கில் கஞ்சியிலேயே நிறுத்திவைப்பதில்தான் சிக்கல். நீர்க்கக் கரைத்த கஞ்சியும், ரசத்தில் மிதக்கும் சாதமும், மோரில் கரைத்த சாதமும் தங்காமல் ஓடிவிடும்.

அதே சமையலைக் கெட்டியாக்கினால் போதும். சாம்பார் சாதத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு சாதம். ரசத்துக்குப் பதில் கூட்டு. மோர் சாதத்துக்குப் பதில் கெட்டித் தயிர் சாதம். சாம்பாரில் ஊறிய இட்லிக்குப் பதில் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் தொட்டுக்கொண்டு இட்லி. ரசம் பிடித்தவர்கள் அதைச் சாப்பாட்டிலிருந்து தனியாக, ஒரு மணி நேரம் கழித்து அரை டம்ளர் குடிக்கலாம்.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இரைப்பை எடுத்தவர்களுக்கு எலும்பு தேயும் வாய்ப்பு அதிகம் என்பதால் இது நல்ல உணவு. ஆனால், நீர்க்கக் கரைத்த கூழாக வேண்டாம். களியும் சிலருக்குச் சரிவராது. குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கித்தான் நமக்குப் பழக்கம். கேழ்வரகு அடையாகவோ, புட்டாகவோ செய்தால் மென்று சாப்பிட முடியும். புட்டில் சர்க்கரை சேர்க்காமல், கடலைக் கறியோடு கொடுக்கலாம்.

வெந்தயம், ஓட்ஸ், வேகவைத்த ஆப்பிள் போன்றவற்றில் இருக்கும் கரையும் நார்ச்சத்து, குடலில் ஜெல் போல மாறி, சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் 'குவார் கம்' என்ற பிசினை, டம்ப்பிங் தொல்லை உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் சில நேரம் பரிந்துரைப்பதும் இதனால்தான். அதைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அளவு கூடினால் அதுவே குடலில் அடைத்துக்கொள்ளும்.

சக்கையாகும் காய்கள்... கவனம்!

நார்ச்சத்து நல்லது என்று கேள்விப்பட்டதும் வாழைத்தண்டுப் பொரியலும் முருங்கைக்காயும் இவர்கள் தட்டுக்கு வந்துவிடும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. அமிலமும் அரைக்கும் வேலையும் குறைந்த வயிற்றில், கரையாத முரட்டு நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் பந்து போலத் திரண்டுவிடலாம். அது இறங்கிப்போய்ச் சிறுகுடலை அடைத்தால், மறுபடியும் ஆபரேஷன் வரை போக நேரிடும்.

வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, பனங்கிழங்கு, ஆரஞ்சுச் சுளையின் தோல், நார் மாம்பழம், மெல்லாமல் விழுங்கிய தேங்காய்ச் சில்லு... இவற்றைத் தவிர்க்க வேண்டும். முருங்கைக்காயின் உள் சதையை மட்டும் வழித்துச் சாப்பிடலாம். கீரையைத் தண்டு நீக்கிக் கடைந்து கொடுக்கலாம். சுரைக்காய், பீர்க்கங்காய், பரங்கிக்காய், கேரட் போன்றவற்றைத் தோல் சீவி நன்றாக வேகவைத்தால் தொல்லை இருக்காது.

பாலிலும் கவனம் வேண்டும். இதுவரை தினமும் பால் குடித்தவருக்குக்கூட, ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு உப்பி, பேதியாகலாம். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை வேகமாக இறங்குவதால் அது சரியாகச் செரிக்காமல் போகிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தயிரும் பனீரும் ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மதுவைப் பொறுத்தவரை, இரைப்பையில் தங்காமல் நேராகக் குடலுக்குப் போவதால் போதை சீக்கிரமும் அதிகமாகவும் ஏறும். அறவே தவிர்ப்பதுதான் பாதுகாப்பு.

பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

'பசித்துப் புசி' என்பது நம்மூர் அறிவுரை. இவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் பசி உணர்வே மங்கிவிடும். 'சாப்பிடு' என்றால் எரிச்சல்படுவதும், இரண்டு வாயிலேயே 'போதும்' என்பதும் பிடிவாதத்தால் இல்லை. அவருக்கு உண்மையிலேயே பசிப்பதில்லை.

முதல் சில மாதங்களில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதைப் பலரிடமும் பார்க்கலாம். அதற்கு மேலும் இறங்காமல் இருக்க, பசிக்குப் பதில் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். மொபைலில் ஆறு அலாரம் வைத்துக்கொள்வது எளிய வழி. 'இன்னும் ரெண்டு வாய்' என்று ஒரே வேளையில் திணிப்பதைவிட, அந்த இரண்டு வாயை இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுப்பதுதான் உடம்பில் ஒட்டும்.

கெட்டி உணவுக்கு மாறியவருக்கு ஒரு நாள் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் இது. அவரவர் உடல்நிலைக்கு ஏற்ப மருத்துவரும் டயட்டீஷியனும் இதை மாற்றுவார்கள்.

காலை 7.30: சிறிய இட்லி இரண்டு, பருப்புப் பொடி, பாதி முட்டை. 8.30-க்குச் சர்க்கரை இல்லாத டீ, அரை டம்ளர்.

காலை 10.00: குழைய வேகவைத்த பாசிப்பயறு சுண்டல், ஒரு சின்னக் கிண்ணம்.

மதியம் 12.30: அரை கப் சாதம், கெட்டிப் பருப்பு அல்லது கூட்டு, ஒரு துண்டு மீன் அல்லது பனீர்.

பிற்பகல் 3.00: கெட்டித் தயிர் ஒரு சின்னக் கிண்ணம், இரண்டு மூன்று துண்டு பழம்.

மாலை 5.30: கேழ்வரகு அடை அல்லது முட்டை தோசை ஒன்று.

இரவு 8.00: மென்மையான சப்பாத்தி ஒன்று, பருப்பு அல்லது கொத்துக்கறி.

சாப்பிட்டவுடன் படபடப்பு வருகிறவர்கள், 15 முதல் 30 நிமிடம் படுத்துக்கொண்டால் உணவு இறங்கும் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால், நெஞ்செரிச்சலோ, கசப்பாகப் பித்தநீர் எதுக்களித்து வருவதோ இருப்பவர்கள் மல்லாந்து படுக்கக் கூடாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்காரலாம். எந்தத் தொல்லை அதிகம் என்பதைப் பொறுத்து மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்கள், பழைய மாத்திரையையும் இன்சுலினையும் அதே அளவில் தொடரக் கூடாது. சாப்பாடு குறைந்து, எடையும் குறைந்த பிறகு பழைய டோஸ், சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். ஆபரேஷன் முடிந்ததுமே டோஸை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

கல்யாண வீடு, ஊர்ப் பயணம்

பந்தியில் உட்கார்ந்தால் இலையில் முதலில் இனிப்பு வரும். பிறகு சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று வரிசை கட்டும். இவர்களுக்குத் தொல்லை தரும் அத்தனையும் ஒரே இலையில் இருக்கும். வீட்டிலேயே ஒரு வேளையை முடித்துவிட்டுப் போய், பந்தியில் கொஞ்சம் சாதம், பருப்பு, கூட்டு, அவியல் மட்டும் சாப்பிட்டு எழுந்தால் போதும். 'என்னங்க, ஒண்ணுமே சாப்பிடல' என்று பரிமாறுகிறவர்கள் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினர் பதில் சொல்லிச் சமாளிக்கலாம். ஒவ்வொருவரிடமும் ஆபரேஷன் கதையைச் சொல்ல வேண்டியிருப்பதாலேயே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பயணத்தின்போது வறுத்த வேர்க்கடலை, அவித்த முட்டை, இட்லிப் பொடி தடவிய இட்லி என்று கையில் இருந்தால், பஸ் நிற்கும் இடத்தில் கிடைப்பதைச் சாப்பிட வேண்டிய கட்டாயம் வராது. வேர்க்கடலையை நன்றாக மென்று சாப்பிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஐந்து நிமிட இடைவேளை தேவைப்படும் என்பதை மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பல வருடம் கழித்து வரும் பற்றாக்குறை

சாப்பாட்டைச் சரிசெய்தாலும் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாத ஒன்று உண்டு. அது வைட்டமின் பி12. இதை உடல் உறிஞ்ச வேண்டுமானால், இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வர வேண்டும். முழு இரைப்பையையும் எடுத்தவருக்கு அந்தப் புரதம் சுரக்காது. எவ்வளவு முட்டை, மீன், ஈரல் சாப்பிட்டாலும் போதுமான பி12 ரத்தத்தில் சேராது. அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பி12 ஊசி போட வேண்டியிருக்கும். சிலருக்கு அதிக அளவு மாத்திரை தருவதும் உண்டு.

ஆபத்து என்னவென்றால், கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் பி12 சில வருடங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். அதனால், ஆபரேஷன் முடிந்த ஓரிரு வருடங்கள் எந்தத் தொல்லையும் தெரியாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள். பிறகு மெல்ல மெல்லச் சோர்வு, மூச்சிரைப்பு, பாதத்தில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி எல்லாம் தலைகாட்டும். நரம்பில் ஏற்படும் பாதிப்பு முற்றிவிட்டால், பிறகு ஊசி போட்டாலும் முழுவதும் திரும்பாமல் போகலாம்.

பி12 போலவே இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவையும் குறையும். இரும்புச்சத்து உறிஞ்சப்பட அமிலம் உதவ வேண்டும். முக்கியமாக அது உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் தொடக்கப் பகுதி. பல ஆபரேஷன்களில் உணவு அந்தப் பகுதியைத் தொடாமல் போகும்படி பாதை மாற்றப்படுகிறது. அதனால் ரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில், குறைந்தது வருடத்துக்கு ஒரு முறையாவது செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை, தீராத அல்சருக்கு அறுவை சிகிச்சை சாதாரணமாகச் செய்யப்பட்டது. அமிலத்தைக் குறைக்க வேகஸ் நரம்பைத் துண்டித்து, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பார்கள். அல்சருக்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் காரணம் என்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் எடுத்துச் சொன்னார்கள். அதற்காக 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கண்டுபிடிப்பும் அமிலத்தைக் குறைக்கும் புதிய மாத்திரைகளும் வந்த பிறகு, அந்த ஆபரேஷன்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

ஆனால், அன்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தாத்தாவுக்கு ரத்தசோகை, பாட்டிக்குக் கால் மதமதப்பு என்றால், 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல், வயிற்றில் பழைய தழும்பு இருக்கிறதா, அது எதற்காகச் செய்த ஆபரேஷன் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்ல வேண்டும். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்தத் தழும்பு இன்றைய சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

சாப்பாட்டை மாற்றிப் பார்த்தும் தொல்லை குறையாவிட்டால், சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சர்க்கரை சட்டென ஏறுவதைத் தடுக்கும் அகார்போஸ் மாத்திரை, கடுமையான தொல்லைக்கு ஆக்ட்ரியோடைடு ஊசி, கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப் பசையோடு மலம் போகிறவர்களுக்குக் கணைய நொதி மாத்திரை என்று சிகிச்சைகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தொடர் வாந்தி, விழுங்க முடியாமல் உணவு நெஞ்சில் நிற்பது, காய்ச்சலோடு வயிற்றுவலி, வாயுவும் மலமும் போகாமல் வயிறு உப்புவது, கறுப்பாகத் தார் போல மலம் போவது, மயங்கி விழுவது, கண் மஞ்சளாவது... இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுப்பாகும் என்பதால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வழக்கமான செக்கப்புக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டையும் எடுத்துப் போகலாம். இரண்டு வாரத்துக்கு எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் கழித்து என்ன தொல்லை வந்தது, வாரம் ஒரு முறை எடை எவ்வளவு என்று அதில் எழுதியிருந்தால் போதும். 'அடிக்கடி ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்' என்று சொல்வதைவிட, 'ஜூஸ் குடிச்ச நாள்ல மட்டும் இருபது நிமிஷத்துல வருது' என்று சொன்னால், அவர் தர வேண்டிய சிகிச்சையும் தெளிவாகிவிடும்.